ஆறாம் எண் ஊர்தி தள்ளிவிட்ட நாற்பத்தொரு புள்ளிகள்

அனுப்புநர்:
க. ரொனால்டு, வயது 26,
மின்னணுக் கருவியியல் பட்டயதாரர்,
த/பெ. (காலஞ்சென்ற) கஸ்பார்,
4/112, கீழத்தெரு, செபஸ்தியார்பட்டி,
சாணார்பட்டி ஒன்றியம்.

பெறுநர்:
வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
திண்டுக்கல்.

பொருள்: 'வழித்துணை' அறக்கட்டளை அவசர ஊர்தி எண் 6 – ஓட்டுநர் திரு. ஸ்டீபன்ராஜ் அவர்களின் உரிமத்தை ரத்து செய்யக் கோரும் புகார் – ஆதாரமாக வைத்துள்ள வரைபடம் தவறானது – கருவியைப் பொருத்தியவரின் மனு.

பார்வை: தங்கள் அலுவலக விசாரணை அறிவிப்பு, நாள் 27.11.2009.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 17.11.2009 செவ்வாய்க்கிழமை காலை 6 மணி 33 நிமிடம் முதல் 6 மணி 53 நிமிடம் வரை, அரை நிமிடத்துக்கு ஒன்று வீதம் 41 முறை, ஆறாம் எண் ஊர்தி எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோள் சரியாகச் சொன்னது. ஊர்தியில் இருந்த பெட்டி 41 முறையும் அதைத் தள்ளிவிட்டது. அந்தப் பெட்டியைப் பொருத்தியவன் நான்.

2. அன்று பாம்பு கடித்து இறந்த கஸ்பார் என் தகப்பனார். புகாரின் கீழே இரண்டாவதாகக் கையெழுத்திட்டிருக்கும் ஆரோக்கியம்மாள் என் தாயார். அப்படியிருந்தும் இந்த மனு ஓட்டுநருக்கு ஆதரவானது. படித்து முடித்தபின் எந்தப் பக்கத்து ஆள் என்று குழப்பம் வரக்கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்கிறேன்.

3. பெட்டி என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். வண்டி இருக்கும் இடத்தை அது நான்கு வழியில் விசாரிக்கிறது. செயற்கைக்கோள் நேரடியாக இடத்தைச் சொல்லும். மலை மறைத்தால் பேசாது, அல்லது தப்பாகப் பேசும். ஸ்பீடோமீட்டரிலிருந்து எடுத்த ஒயர் சக்கரம் எவ்வளவு தூரம் ஓடியது என்று சொல்லும். காம்பஸ் வண்டியின் முகம் எந்தத் திசையில் என்று சொல்லும். கைரோ என்ற சிறு சில்லு வண்டி எவ்வளவு திரும்பியது என்று சொல்லும். மலிவானது என்பதால் எங்கள் ஊர் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடுமாறும். நான்கையும் சேர்த்து, யார் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு என்று கணக்குப் போட்டு, பெட்டி ஒரே ஓர் இடத்தை முடிவுசெய்து கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும். அங்கே ஸ்கிரீனில் தெரிவது அந்த ஒரே முடிவு மட்டும்தான். நால்வர் என்ன சொன்னார்கள் என்பது பெட்டிக்குள்ளேயே கிடக்கும். மதிப்பு போட்டவன் நான்.

4. அன்று அதிகாலை ஆறாம் எண் ஊர்தி சிறுமலைக்கு ஒரு நெஞ்சுவலி அழைப்புக்குப் போனது. போனபோது வலி நின்றுவிட்டது என்று அந்த நோயாளி வர மறுத்துவிட்டார். வண்டி வெறுமனே இறங்கியது. ஏறும்போது தலைக்கு மேலே இருந்த செயற்கைக்கோள்கள் அதற்குள் சரிந்துவிட்டதால், இறங்கத் தொடங்கியதும் பாறையும் மரமும் மறைத்து, 5.50க்குத் தொடர்பு விட்டுப்போனது. 6.33க்கு அடிவாரத்தில் மறுபடி கிடைத்தது. 6.36க்கு ஸ்டீபன்ராஜ் நத்தம் சாலையில் திரு. பக்ருதீன் அவர்களின் டீக்கடை முன் வண்டியை நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை.

5. 6.40க்கு என் தகப்பனாரை மல்லிகைத் தோட்டத்தில் நல்ல பாம்பு கடித்தது. பூப்பறிக்கக் கூட வந்திருந்த பக்கத்துத் தோட்டக்காரர் திரு. நல்லுசாமி 6.47க்கு ஊர்தி சேவைக்குப் போன் செய்தார். டீக்கடையிலிருந்து எங்கள் தோட்டம் ஏழு கிலோமீட்டர். நான் பிறகு அதே நேரத்தில் பைக்கில் போய்ப் பார்த்தேன். ஒன்பது நிமிடம்.

6. அழைப்பு வயர்லெஸ்ஸில் எல்லா ஓட்டுநருக்கும் கேட்கும். ஸ்டீபன்ராஜ் 6.51க்குக் கட்டுப்பாட்டு அறைக்குப் பேசினார். பதிவு 48 விநாடி. பணியில் இருந்தவர் திரு. பிரபு. நிர்வாகம் தங்களுக்கு அளித்த கோப்பில் இந்தப் பதிவு இல்லை, என்னிடம் நகல் இருக்கிறது. உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். ஸ்டீபன்ராஜ், "சார், நான் சிறுமலை அடிவாரத்துலதான் நிக்கிறேன். செபஸ்தியார்பட்டி இங்கன பக்கம். நான் போறேன்" என்கிறார். பிரபு, "ஏலே அப்பு, நீ வத்தலக்குண்டுகிட்ட நிக்கிற. காலங்காத்தால அங்க என்ன சோலி?" என்கிறார். "வத்தலக்குண்டா? சார், டீக்கடை பாய் பக்கத்துலதான் இருக்காரு. அவர்ட்ட வேணா கேளுங்க." "டீக்கடை வத்தலக்குண்டுலயும் இருக்கு. ஸ்கிரீனு பொய் சொல்லுமா? நின்ன எடத்துலயே நில்லு. அசைஞ்ச, மெமோதான்." ஏற்கனவே இரண்டு மெமோ வாங்கியவர் ஸ்டீபன்ராஜ். மூன்றாவதுக்கு வேலை போகும். 6.53க்குச் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். பெட்டியும் அதோடு அணைந்தது. 41 என்ற எண் அங்கே நின்றது அதனால்தான்.

7. இரண்டாம் எண்ணைத் தவிர மற்ற வண்டிகள் நோயாளிகளோடு இருந்தன. எரியோட்டிலிருந்து இரண்டாம் எண் ஊர்தியை அனுப்பினார்கள்.

8. திரு. பிரபு அவர்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. 6.55க்கு நல்லுசாமி எனக்குப் போன் செய்தார். நான் டவுனில் பட்டறையில் இருந்தேன். "தம்பி, ஒங்கப்பாவுக்கு இமை சொக்குது. நம்ம பூ வேன் நிக்குது, ஏத்திக்கிட்டு வந்துரவா?" என்று கேட்டார். சோதனைக்காக அதே ஸ்கிரீன் என் மேசையிலும் உண்டு. பார்த்தேன். ஆறு, கடைசியாகத் தெரிந்தது வத்தலக்குண்டு அருகே. இரண்டு, எரியோட்டில் கிளம்பிவிட்டது. "அசைக்காதீங்க அண்ணே, வண்டி வருது, அதுல மூச்சுக் கருவி இருக்கு" என்றேன். நல்லுசாமி நான் சொன்னபடி கேட்டார். படித்தவன் சொன்னால் கேட்பார்.

9. இரண்டாம் எண் ஊர்தி 7.44க்கு வந்தது. என் தகப்பனாருக்கு 7.35க்கே மூச்சு நின்றுவிட்டது.

10. இப்போது புகாருக்கு வருகிறேன். ஸ்டீபன்ராஜ் சொந்த வேலையாக வத்தலக்குண்டு போனார், அங்கிருந்துகொண்டு பொய் சொன்னார் என்பது நிர்வாகத்தின் புகார். ஆதாரம் ஒரு வரைபடம். வண்ணத்தில் அச்சடித்து, வத்தலக்குண்டைச் சிவப்பில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அதை மேசையில் வைத்து ஓர் அடிக்கோலை அதன்மேல் வையுங்கள். கோடு சிறுமலையில் தொடங்கி நேர் மேற்காக 22 கிலோமீட்டர் ஓடுகிறது. மலைப்பாதையில் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். கோட்டில் ஒரு வளைவுகூட இல்லை. மலைச்சரிவு, ரயில் தண்டவாளம், இரண்டு கண்மாய் எல்லாவற்றையும் அது குறுக்கே வெட்டிப் போகிறது. அந்தக் கோட்டில் எந்த வண்டியும் போக முடியாது. ஒன்பது பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

11. கோடு நேராகப் போன காரணம்: மற்ற ஐந்து வண்டியிலும் பெட்டி இருக்கைக்குக் கீழே. ஆறாம் எண்ணில் அங்கே கூடுதல் பேட்டரி இருந்ததால் டேஷ்போர்டின் மேல் வைத்தேன். பெட்டியின் வடிவமைப்புத் தாளில் அலுமினிய மூடி என்று இருந்தது. நான் அதை ஒரு பூட்டுப் பட்டறையில் கொடுத்தேன். திண்டுக்கல்லில் பெட்டி செய்யச் சொன்னால் இரும்பில்தான் செய்வார்கள். கெட்டியாக இருந்தது, திருட முடியாது, வாங்கிக்கொண்டேன். இரும்பு காம்பஸை எவ்வளவு இழுக்கிறது என்று 08.08.2009 அன்று அளந்து கணக்கில் கழித்தும்விட்டேன். 12.08.2009 அன்று ஊர்திகளை மந்திரித்துத் தொடங்கி வைத்தார்கள். ஓட்டுநர்களுக்கு அவரவர் விருப்பப்படி மாதா சுரூபம், பிள்ளையார், 786 தகடு என்று கொடுத்தார்கள். எல்லாமே அடியில் காந்தம் வைத்தவை. ஆறாம் எண்ணின் டேஷ்போர்டு முழுக்கப் பிளாஸ்டிக். காந்தம் ஒட்டும் இடம் என் பெட்டியின் மூடி ஒன்றுதான். ஸ்டீபன்ராஜ் மாதாவை அங்கே வைத்தார். நான் அருகில்தான் நின்றேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

அன்றிலிருந்து அந்தக் காம்பஸுக்கு எப்போதும் மேற்குதான். வண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் மேற்கு. சமவெளியில் செயற்கைக்கோள் விடாமல் திருத்திக்கொண்டே வந்ததால் மூன்று மாதம் வெளியே தெரியவில்லை. அந்த வண்டி மலையேறியது 17ஆம் தேதிதான் முதல்முறை.

12. அடிவாரத்தில் செயற்கைக்கோள் திரும்பக் கிடைத்தும் ஏன் திருந்தவில்லை என்று தாங்கள் கேட்கலாம். ஸ்கிரீனில் வண்டிகள் அடிக்கடி தாவுகின்றன என்று நிர்வாகம் புகார் சொன்னது. அதனால் 03.11.2009 அன்று எல்லாப் பெட்டியிலும் ஒரு விதி எழுதினேன்: செயற்கைக்கோள் சொல்வது பெட்டியின் சொந்தக் கணக்கிலிருந்து அரைக் கிலோமீட்டருக்கு மேல் விலகினால் நம்பாதே. தாவல் நின்றது. நிர்வாகம் பாராட்டியது. அடிவாரத்தில் பெட்டியின் கணக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் தப்பிப் போயிருந்தது. சரியான பேச்சு ஒவ்வொன்றும் விலகிய பேச்சாகத் தெரிந்தது. தொடர்ந்து ஐந்து முறை ஒரே இடத்தைச் சொன்னால் ஏற்றுக்கொள் என்று கூடவே இன்னொரு வரியும் எழுதியிருக்க வேண்டும். இந்த வேலை தெரிந்த எவனும் எழுதுவான். எனக்கும் தெரியும். அடுத்த வாரம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

13. தள்ளிவிட்ட பேச்சையும் பெட்டி அழிப்பதில்லை. பெட்டியை நிர்வாகத்தின் முன்னிலையில் சீல் வைப்பதற்கு முன் 19.11.2009 அன்று படித்துப் பார்த்தேன். நாற்பத்தொரு புள்ளிகளும் இருக்கின்றன. கடைசி முப்பத்தைந்தும் டீக்கடை வாசலில் ஒரே இடத்தில் குவிந்திருக்கின்றன. நான் மதிப்புக் குறைத்து வைத்த கைரோ பதினெட்டு வளைவையும் வரிசையாக எழுதி வைத்திருக்கிறது. ஸ்டீபன்ராஜ் 48 விநாடியில் சொன்னதும் இவை சொல்வதும் ஒன்றே. இதை நிர்வாகத்துக்கு 20ஆம் தேதியே எழுத்தில் கொடுத்தேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. 24ஆம் தேதி தங்களிடம் புகார் கொடுத்துவிட்டார்கள்.

14. ஸ்டீபன்ராஜுக்கு வேறு தொழில் தெரியாது. அவர் மனைவி பிரிஸ்கில்லா மூன்றாம் நாள் துக்கம் கேட்க எங்கள் வீட்டுக்கு வந்தார். என் தாயார் வாசலிலேயே நிறுத்தி, "ஒம்புருசன் டீ குடிச்சு முடிச்சுட்டானாமா?" என்று கேட்டார். பிரிஸ்கில்லா அப்படியே திரும்பிப் போனார். நான் உள்ளே இருந்தேன். வெளியே வரவில்லை.

15. ஆகவே, மேற்படி வரைபடத்தை ஆதாரமாக ஏற்க வேண்டாம் என்றும், சீல் வைத்த பெட்டியையும் 48 விநாடிப் பதிவையும் வரவழைத்துப் பார்க்க வேண்டும் என்றும், இதுவரை யாரும் கேட்காத சாட்சியான திரு. பக்ருதீனை விசாரிக்க வேண்டும் என்றும், ஓட்டுநர் ஸ்டீபன்ராஜின் உரிமத்தில் கை வைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஒருவர்மேல் குற்றம் எழுதித்தான் கோப்பை மூட வேண்டும் என்றால் பத்தி 11, 12ஐப் பார்க்கவும். அங்கே 'நான்' என்று வருபவன்தான் அந்த ஆள்.

இதன்பின் நான் செய்யவிருப்பவை:

1. 14.12.2009 விசாரணைக்குக் காலை 10 மணிக்கே வந்துவிடுவேன். பெட்டியைத் தங்கள் முன்னிலையில் திறந்து புள்ளிகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுவேன். ஒரு மணி நேரம் ஆகும். பாதியில் நிறுத்த வேண்டாம்.

2. மற்ற ஐந்து பெட்டியிலும் விடுபட்ட அந்த வரியை நாளைக்குள் எழுதிவிடுவேன். நிர்வாகம் அனுமதிக்காவிட்டால் அதையும் தங்களுக்கு எழுத்தில் தெரிவிப்பேன்.

3. ஆறு வண்டிக்கும் 'நல்ல நிலையில் உள்ளது' என்று நான் கொடுத்த சான்றிதழைத் திரும்பப் பெறுகிறேன். நகல் இணைத்துள்ளேன்.

4. இந்த மனுவைப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு ஸ்டீபன்ராஜ் வீட்டுக்குப் போவேன்.

5. அங்கிருந்து வீட்டுக்குப் போய், என் தாயாரிடம் பத்தி 8ஐ வாசித்துக் காட்டுவேன். அவருக்கு இன்னும் தெரியாது. புகாரிலிருந்து கையெழுத்தை எடுப்பதா, என் பெயரை அதில் சேர்ப்பதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அவர் என்ன முடிவு செய்தாலும் 14ஆம் தேதி அவரை நானே கூட்டி வருவேன்.

இடம்: திண்டுக்கல்
நாள்: 04.12.2009

உண்மையுடன் ஒப்பமிடுவது,
க. ரொனால்டு