பாக்கியம் தைச்ச குளிக்கிற உடுப்பு

மார்ச் 10, செவ்வாய்
காலமை மழை, விழுந்த உடன ஐஸ். வெளியில கால் வைக்க ஏலாது. மூண்டாம் வகுப்போட படிப்பை விட்டுத் தோட்டத்துக்குப் போனவன் நான், எழுத்து ஊர்ந்துதான் வரும். மனுசி பாக்கியத்தின்ர மருந்து நேரம் குறிச்ச கொப்பி இது. எழுதாத ஒற்றையள் மிச்சம் கிடக்கு.

அவ செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அது முடிஞ்சு இருபது நாள்.

பக்கத்து ஊர் லவாலில இருந்து மகள் வாசுகி போன். நாங்கள் மூண்டு பேரும் போக எடுத்த ஜப்பான் டிக்கெட் அப்பிடியே இருக்காம். "வாறியளோ இல்லையோ, இந்தக் கிழமை சொல்லுங்கோ அப்பா."

பாக்கியத்தின்ர ஆசை அது. முழங்கால் நோவோட இருந்து போனில பார்க்கிறது. மலைக்குள்ள ரெயில், சின்ன ஊர், தெருவெல்லாம் சுடுதண்ணி ஆவி. ஒரு ஊரில குளிச்சு, அடுத்த ரெயிலில அடுத்த ஊர். "இஞ்சாருங்கோ, எங்கட கன்னியாச் சுடுதண்ணிக் கிணறு மாதிரி." மூண்டு வருசம் கேட்டவ. பேந்து பாப்பம், பேந்து பாப்பம் எண்டு நான்.

மார்ச் 12, வியாழன்
வெயில், சூடில்லை. பால் வாங்க. அவவின்ர மிச்ச மருந்து பார்மசியில குடுக்க. (குடுக்கேல்லை.)

மச்சான் செல்லத்துரை வந்தவர். பாக்கியத்தின்ர தம்பி, டோர்வல் விமான நிலையத்தில பெட்டி ஏத்துற வேலை.

"ஒரு வருசம் ஆகேல்லை, ஆட்டைத் திவசம் முடியேல்லை, அதுக்குள்ள உல்லாசப் பயணமோ அத்தான்? சனம் என்ன கதைக்கும்?"

"போறன் எண்டு நான் சொன்னனே?"

"அங்க சுடுதண்ணிக்குள்ள ஒரு துண்டும் உடுக்காமல்தான் இறங்கிறதாம். எழுபத்தெட்டு வயசில உங்களை ஆர் பார்க்கிறது!" சிரிச்சார். பிறகு தமக்கையின்ர படத்தைப் பார்த்துக் கண் துடைச்சார்.

உடுக்காமலோ? எனக்குத் தெரியாது.

மார்ச் 14, சனி
கூரைப் பனி கரைஞ்சு சொட்டுது.

கட்டிலுக்குக் கீழ பாக்கியத்தின்ர பெட்டி. ஆசுப்பத்திரிக்குப் போகமுன்னம் அடுக்கினது. மேலால இரண்டு உடுப்பு. பழைய நீலச் சீலையை வெட்டி, நெஞ்சுக்கு மேல கட்டுற குறுக்குக்கட்டு அவிழாமல் இலாஸ்டிக் வைச்சுத் தைச்சது ஒண்டு. மற்றது எனக்குச் சாறம், அதே துணி, இடுப்பில நாடா. ஜப்பானில குளிக்க.

வாசுகிக்கு எடுத்தன். "அங்க உடுப்போட இறங்க விடமாட்டினம் எண்டு கொம்மாவுக்குத் தெரியுமோ?"

"சொல்லேல்லை அப்பா. சொல்லியிருந்தா வெளிக்கிடவே மாட்டா. ஆம்பிளையளுக்கு வேற, பொம்பிளையளுக்கு வேற எண்டாலும் உடுப்பில்லாமல்தான். அதுதான் அறைக்குள்ளயே தொட்டி இருக்கிற இடமாப் பார்த்தனான். அம்மா எதையும் கட்டிக்கொண்டு இறங்கட்டும் எண்டு."

போனை வைச்சிட்டு இரண்டு உடுப்பையும் மடிச்சுத் திரும்பப் பெட்டிக்குள்ள வைச்சன்.

மார்ச் 15, ஞாயிறு
சமைக்கேல்லை. பாண்.

நினைப்பெல்லாம் எங்கட கலியாணம் முடிஞ்ச மாசம். கன்னியாவுக்கு ரெயில். மாகோ ஸ்டேசனில வேற ரெயிலுக்கு மாறி ஏறி இருந்தம். தேத்தண்ணி வாங்க இறங்கினன். ரெயில் எடுத்திட்டான். யன்னலில அவவின்ர முகம். அடுத்த ஸ்டேசனில பெட்டியோட இறங்கி நிண்டவ. பத்தொன்பது வயசு, பாசை தெரியாத ஊர். நான் போய்ச் சேர ஆறு மணித்தியாலம். அழேல்லை, ஏசேல்லை. "வருவியள் எண்டு தெரியும்." அவ்வளவுதான்.

பின்னேரம் வாசுகிக்குச் சொன்னன், வாறன் எண்டு. செல்லத்துரைக்கும் சொன்னன். சனம் கதைக்கட்டும்.

ஏப்ரல் 2, வியாழன்
டோர்வல். தூறல். செல்லத்துரை வேலைக்கிடையில ஓடி வந்தார். "அக்கான்ர பெட்டி கவனம் அத்தான்" எண்டு கைபிடியைத் தடவினார். இரண்டு உடுப்பும் அதுக்குள்ள, நீலக் குறுக்குக்கட்டு மேலால.

வாசுகி: "நேரம் கிடக்கு அப்பா. தேத்தண்ணி குடிச்சிட்டு வருவமே?"

வேண்டாம் எண்டன். இருந்த இடத்தை விட்டு எழும்பேல்லை.