மகாராணிக்கு ஓட்ஸ் நிறுத்தம்

மார்ச் 9
இந்த முறையும் சினை பிடிக்கவில்லை. டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். என் குதிரை மகாராணிக்கு வயது பதினாறு. இந்த வருடமும் இல்லையென்றால் குட்டி ஆசையை விட்டுவிட வேண்டியதுதானாம். அவளுடைய குட்டி ஒன்று இந்த லாயத்தில் ஓடுவதைப் பார்க்காமல் நான் எப்படி இருப்பேன்? சத்துக் குறைவோ என்னவோ. ஓட்ஸைக் கூட்டிவிட்டேன்.

மார்ச் 20
சேணத்தின் வயிற்று வார் எட்டவில்லை. வார் சுருங்கிவிட்டதென்று கடையில் போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் என் தொப்பையை ஒரு பார்வை பார்த்தார். "சார், தோல் தானா சுருங்காது" என்றார்.

ஏப்ரல் 4
பிடரிக்குக் கீழே கழுத்து புடைத்திருப்பதை ராஜகம்பீரம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். டாக்டர் அதை அழுத்திப் பார்த்தார்.

"கம்பீரமா? கொழுப்பு சார். ரத்தத்துல இன்சுலின் ஏறிக் கெடக்கு. அதான் பருவம் தாறுமாறா வருது, கரு தங்கல. இப்படியே போட்டீங்கன்னா குட்டிய விடுங்க, குளம்பு வலியில அவளால நிக்கவே முடியாது."

ஓட்ஸ் கூடாது. காய்ந்த புல்லையும் தண்ணீரில் ஊறவைத்து, அதிலுள்ள சர்க்கரை தண்ணீரில் இறங்கிய பிறகுதான் போட வேண்டும். தினமும் நடை. குட்டி வேண்டும் வேண்டும் என்று ஊட்டி ஊட்டி, வரவிடாமல் தடுத்தவன் நானேதான். என்ன ஒரு அறிவாளி!

ஏப்ரல் 27
நடப்பது அவள், இளைப்பது நான். அவள் அப்படியே இருக்கிறாள். எப்படி?

மே 2
கண்டுபிடித்துவிட்டேன். விடிந்ததும் லாயத்துக்குப் போனால் அங்கே என் மனைவி, முந்தானை நிறைய ஆப்பிளோடு.

"அவ கண்ணப் பாத்தா மனசு கேக்கலங்க."

கத்தினேன். குதித்தேன். அவள் என் சட்டைப்பைக்குள் கையை விட்டாள். கேரட்.

இருவரும் சிரித்தோம். அப்போதுதான் மகாராணி முன்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்றுவதைக் கவனித்தேன். குளம்பைத் தொட்டால் சுடுகிறது. ஐயோ — பாவி, பாசம் பாசம்னு நானே அவளக் கொன்னுடுவேன் போலிருக்கே. டாக்டர் ஓடி வந்தார். தொடக்கம்தான், தப்பித்தாள் என்றார்.

மே 3
ஆப்பிள் வாங்குவதில்லை. கேரட்டும்.

ஜூலை 6
வலி போய்விட்டது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது. பருவம் ஒழுங்காக வருகிறது, பொலிக்குதிரையோடு சேர்த்தாயிற்று. ஆசைப்படக் கூடாது என்று மனைவியிடம் சொன்னேன். "நீங்க படாம இருந்தா சரி" என்றாள்.

ஜூலை 22
ஸ்கேனில் சின்னதாக ஒரு கறுப்பு வட்டம். "புடிச்சிருச்சு சார்" என்றார் டாக்டர். மனைவி அழுதுவிட்டாள்.

எல்லோரும் போன பிறகு வெறும் கையோடு மகாராணியிடம் போனேன். இத்தனை வருடமும் தீனிக்காகத்தான் என்னிடம் வருகிறாள் என்று நினைத்திருந்தேன். உள்ளங்கையை முகர்ந்தாள். ஒன்றுமில்லை. தலையை என் தோள்மேல் போட்டுக்கொண்டு நின்றாள். நல்ல கனம். நான் நகரவில்லை.