ரோசி வீட்டுக்குப் போகாத ஞாயிறு

14-7-91, ஞாயிறு

இன்று மனநல விடுதி கேட்டில் இருந்தவர்கள் நான், மேட்ரன் அம்மா, வாட்ச்மேன் கன்னியப்பன், ரோசி, அவளைக் கூட்டிப்போக வந்த அண்ணன் சூசைராஜ்.

ரோசிக்குப் புத்தி தெளிந்துவிட்டது, வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்குப் போகிறவளுக்குத் தலைவாரிப் பூ வைத்து அனுப்புவது ஆயாக்களின் வழக்கம். காலையிலேயே வைத்துவிட்டேன்.

ரோசி உள்ளே பையைக் கட்டிக்கொண்டிருந்தபோதே வந்துவிட்ட அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"ஆயா, நான் வரவேயில்லன்னு அவகிட்ட சொல்லிடு. என் பொண்ணுக்கு மாப்ள பாத்துகினு கீறோம். இவ ஊட்ல இருந்தா எவன் வருவான்? என் பொண்டாட்டியும் ஒத்துக்க மாட்டா."

"அத்த நீயே அவ மூஞ்ச பாத்து சொல்லு நைனா" என்று உள்ளேயிருந்து ரோசியைக் கூட்டிவந்து எதிரில் நிறுத்தினேன்.

"பொண்ணு கல்யாணம் முடியட்டும்" என்று தன் செருப்பைப் பார்த்துச் சொன்னான்.

"மாப்ள ஊட்டுக்காரங்க வர்ற அன்னிக்கு நான் பக்கத்து ஊட்ல குந்திக்கிறேண்ணா" என்றாள் ரோசி.

அவன் பட்டாபிராம் ஸ்டேஷன் பக்கம் நடந்தான்.

"விடு ஆயா, அவளுக்கு இங்கயே பழகிடும்" என்றார் மேட்ரன் அம்மா. நான் விடுவதாக இல்லை. பையைப் பிரிக்காதே என்று ரோசியிடம் சொல்லியிருக்கிறேன். வரும் ஞாயிறு அவளை ரயிலில் அம்பத்தூர் கூட்டிப்போய் அவன் வாசலில் உட்காரப் போகிறேன். கதவு திறக்காவிட்டால் என் வீட்டில் இன்னொரு பாய் போட இடம் இருக்கிறது.

பிறரை மன்னிப்பதாகத்தான் தினமும் செபம் சொல்கிறேன். அவன் பெண்டாட்டியை மன்னிக்கலாம், அவளை நான் பார்த்ததுகூட இல்லை. சர்ச் சாமியாரே வந்து சொன்னாலும் சூசைராஜை மன்னிக்க மாட்டேன்.