காதர் குடித்த கொயினா

1935 மாசி, சனி இரவு

கிழமை முழுக்கக் கந்தோர் வேலை. தபாலில வாற லண்டன் பரீட்சைக்கு அஞ்சு பாடம். சனிப் பின்னேரம் முள்ளிக்குளத்தில மலேரியாக் காய்ச்சல் பிள்ளைகளுக்குக் கொயினா மருந்து குடுக்கிறது. மூச்சு விட நேரமில்லை எண்டு எல்லாரிட்டையும் சொல்லித் திரிஞ்சனான். லத்தீன் படிக்க வேணுமெண்டு, கந்தோரில பக்கத்துக் கதிரையில இருக்கிற காதரை ரண்டு சனி எனக்குப் பதிலா அனுப்பினதும் நான்தான்.

இண்டைக்கு நானே போனன். பிள்ளைகள் எனக்குப் பின்னால, நான் வந்த மருந்து லொறியை எட்டிப் பாத்துதுகள். "காதர் அண்ணன் வரேல்லையோ?"

நாலு மாதமா என்ரை கையைக் கடிச்சு மருந்தைத் துப்பின மரியாள் அவனிட்டை ரண்டு தரமும் குடிச்சவளாம். எப்பிடி எண்டு தாயிட்டைக் கேட்டன்.

"முதல்ல தான் ஒரு வாய் குடிச்சு முகத்தைச் சுளிப்பார். பிள்ளைகள் சிரிச்சுப்போட்டுக் குடிக்குங்கள். நீங்கள் படிக்கிற ஆள், ஏன் கஷ்டப்படுறீங்கள்? இனி அவரே வரட்டும்."

நல்ல மனசோடதான் சொன்னவ. ஓம் எண்டிட்டு வந்திட்டன்.

வயிறு எரியுது. படிப்புமில்லை, பரீட்சையுமில்லை, அவனுக்கென்ன? ஆனா முகத்தைச் சுளிக்க எவ்வளவு நேரம் வேணும்? நான் லொறி போயிடும் எண்ட அவசரத்தில பிள்ளைகளின்ரை மூக்கைப் பொத்தித்தான் பருக்கினனான்.

படிக்கவெண்டு கேட்ட சனிக்கிழமை கிடைச்சிட்டுது. லத்தீன் புத்தகம் விரிச்சபடி கிடக்கு. கொயினாப் போத்தலில மிஞ்சினதில ஒரு வாய் இப்பதான் குடிச்சுப் பாத்தன். இவ்வளவு கசக்கும் எண்டு எனக்குத் தெரியாது.