மருந்து வைக்காத குச்சி

காலையில் விளக்கேற்றத் தீக்குச்சியைக் கிழித்தேன். மருந்து வாசனை மூக்கில் ஏறியதும், உன்னிடம் சொல்லாமல் விட்டது நெஞ்சில் வந்து நின்றுகொண்டது. இருப்புக் கொள்ளாமல் நோட்டை எடுத்துவிட்டேன். நானேதான் எழுதுகிறேன், இடக்கையால். முதியோர் வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. 'ழ' போட மூச்சு முட்டுகிறது. போட்டுவிட்டால் சந்தோஷம் தாங்கவில்லை. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் கழித்து எழுத வந்திருக்கிறேன் பார், கூட்டாளி.

அறுபதுகளின் தொடக்கம். நீ மதுரைக் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாய். நான் ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு மருந்து வெடித்து வலக்கையில் மூன்று விரலை விட்டுவிட்டு, சாத்தூர் தீப்பெட்டி ஆபீசில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். போன விரல் இன்னும் அரிக்கிறது என்றால் கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

"ஏலே, வெடிதான் போச்சு. திரி மண்டைக்குள்ள கெடக்குலே. அடுத்தவன் வேலை செய்யிறதப் பாத்தா அது பத்திக்கிடுதோ என்னமோ."

இரண்டு காலித் தீப்பெட்டி கொடுத்தாய். ஆபீசில் அரித்தால் மாட்டுப் படப் பெட்டியில் ஒரு குச்சி, வீட்டில் அரித்தால் கிளிப் படப் பெட்டியில் ஒரு குச்சி. "மருந்து வைக்காத வெறுங்குச்சியாப் போடு" என்றும் சொன்னாய். காலேஜ் காரியத்துக்கு வெறுங்குச்சியா என்று நான் மருந்து வைத்த நல்ல குச்சியாகவே போட்டேன்.

ஒரு மாதம் கழித்து வந்து திறந்தாய். மாட்டுப் பெட்டி நிறைந்திருந்தது. கிளிப் பெட்டியில் மூன்றே குச்சி.

"பாத்தியாலே! நான் சொன்னேன்ல!" என்று குதித்தாய்.

என் வீட்டுக்காரி என் காதருகே வந்து, "அந்தக் கிளிப் பெட்டியா? அதுலதான தெனமும் அடுப்புப் பத்தவச்சேன்" என்றாள். "தீப்பெட்டியில அரிப்ப வைப்பீகன்னு யாரு கண்டா?"

உன் முகத்தைப் பார்த்தேன். இரண்டு பெட்டியையும் மூடி உன் கையில் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பெட்டிகளை உன் பேராசிரியரிடம் கொண்டுபோனாய். சாட்சிக்கு ஒருத்தன் கை போதாது, ஆனால் இப்படிக் கேட்கத் தெரிந்தவன் இங்கே கிடக்கக் கூடாது என்று சொல்லி, சென்னைக்குக் கடிதம் கொடுத்தாராம். நரம்பு ஆராய்ச்சிக்குள் நீ நுழைந்தது அப்படித்தான். "எல்லாம் உன் பெட்டியில தொடங்குனதுலே" என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினாய். தபால்காரர் படித்துக் காட்டுவார்; எனக்கு வேர்க்கும். பதில் எழுத அடுத்தவர் கை வேண்டும். இதை எப்படி அடுத்தவர் கையில் கொடுப்பேன்? நீ ஊருக்கு வந்தபோதெல்லாம் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

இப்போது சொல்லிவிட்டேன். ஆனாலும் ஒன்று கேள். இடக்கை இங்கே எழுத எழுத, இல்லாத அந்த ஆட்காட்டி விரல் அரிக்கிறது. பேனாவைத் தா என்கிறது. அன்று கணக்குத்தான் பொய், நீ நினைத்தது சரியோ?

பக்கத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். இந்த மடல் முடிவதற்குள் பதினேழு குச்சி விழுந்திருக்கிறது. எல்லாம் வெறுங்குச்சி.