எழுத்து விழுந்த கார்

அன்புள்ள நெரிஸுக்கு அம்மா எழுதிக்கிறது. இங்க நாங்க ரெண்டு பேரும் நடமாடிக்கிட்டு இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் வயித்துல இருக்கிற குட்டியும் நல்லா இருந்தா அதுவே எங்களுக்குப் போதும். நம்ம ஊர் லானெல்லில ஒரு வாரமா மழை விடல. இனிமே சொல்லாம மறைச்சுப் பிரயோஜனமில்ல, உன் பிரசவத்துக்கு எங்களால ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த் வரைக்கும் வர முடியாதும்மா. டாக்ஸி ஓட்டி டிக்கெட்டுக்குச் சேர்த்திடுவேன்னு அப்பா உன்கிட்ட அத்தனை தடவை சொன்னாரே, அந்த டாக்ஸியே இல்லாம போச்சு.

அப்பா வேலை பார்த்த ஆலையை மூடினப்ப குடுத்த பணத்துல பெரும்பங்கைப் போட்டு கார்டிஃப்ல ஒருத்தன்கிட்ட அந்த நீலக் காரை வாங்கினார்னு உனக்குத் தெரியும். ஆறாயிரத்து ஐந்நூறு பவுண்டு. பதிவுப் புத்தகம் சுத்தமா இருந்துச்சு, வண்டியும் பளபளன்னு இருந்துச்சு. டாக்ஸி உரிமம் கேட்டு நகரசபைக்குப் போனா, கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, சார், இது இன்சூரன்ஸ்காரங்க கழிச்சுக் கட்டின வண்டி, இதுக்கு நாங்க உரிமம் தர்றதில்லன்னுட்டா. அடிபட்ட வண்டிக்கு அவங்க ஒரு எழுத்து போடுவாங்களாம். ஏ, பி விழுந்தா திரும்ப ரோட்டுக்கே வரக்கூடாது. ‘எஸ்’னா வண்டியோட எலும்புக்கூடே அடி வாங்கினது, ‘என்’னா எலும்பு தப்பிச்சது. நம்மளதுக்கு விழுந்தது ‘என்’ எழுத்து. ‘எஸ்’ஸா இருந்தா பதிவுப் புத்தகத்துலயே தெரிஞ்சிருக்கும், ‘என்’ எழுத்து அதுல வராதாம். சில்லறைக் காசு கட்டி கம்ப்யூட்டர்ல வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், அப்பா பார்க்கல. வித்தவன் போன் இப்ப அடிக்கவே மாட்டேங்குது.

சரி, வித்தாவது தொலைப்போம்னு பார்த்தா, அந்த ஒரு எழுத்தைச் சொன்னதும் வர்றவன் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கிறான். ஒரு வியாபாரி, பெரியவரே, இதைச் சும்மா குடுத்தாக்கூட என் கடை வாசல்ல நிறுத்த மாட்டேன்னு சிரிச்சான். அப்பா அன்னைக்குச் சாப்பிடல. கடைசில போன சனிக்கிழமை ஒரு பொண்ணு வந்தா, உன் வயசுதான் இருக்கும், இடுப்புல ஆறு மாசக் குழந்தை. ‘என்’ எழுத்துதானே, கீறல் கேஸ்தான், எனக்குத் தெரியும், நாலாயிரம் தர்றேன்னா. எனக்கு உசுரே வந்துச்சு நெரிஸ். அவளுக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடலாம்னு அப்பா தன் சிநேகிதர் இட்ரிஸ் மெக்கானிக்கை அப்பவே வரச் சொன்னார். அவர் ஸ்டீயரிங்கைப் பிரிச்சுப் பார்த்தா உள்ள ஏர்பேக்கே இல்ல. எச்சரிக்கை விளக்கு எரிஞ்சு காட்டிக் குடுக்காம இருக்க வயரை மாத்திக் கட்டி வெச்சிருக்கான் பாவி. முன்னாடி ரெண்டு பக்கமும் காலி. எலும்பு தப்பினா என்ன, உயிரைக் காப்பாத்துறது இல்லையேன்னார் இட்ரிஸ். புதுசு மாட்ட ஆகுற செலவுக்கு வண்டியே பெறாதாம்.

அப்பா அந்தப் பொண்ணுகிட்ட அப்படியே சொல்லிட்டார். அவ, பரவாயில்ல சார், நான் கடைக்கும் குழந்தையைக் காப்பகத்துல விடவும்தான் ஓட்டப் போறேன், இந்தக் காசுக்கு எனக்கு வேற கார் கிடைக்காதுன்னு கெஞ்சினா. இவர் சாவியை மூடின கையைத் திறக்கவே இல்ல. நான் அவரை அடுக்களைக்கு இழுத்துட்டுப் போய், எல்லாம் தெரிஞ்சுதானே கேக்கிறா, குடுத்துத் தொலைங்க, நம்ம பொண்ணு அங்க தனியாப் பிள்ளை பெறப் போறான்னு கத்தினேன். அவர் மெதுவா, நெரிஸ் வந்து கேட்டா குடுப்பியா டெலித்னு கேட்டார். நான் பிடிச்சிருந்த அவர் கையை விட்டுட்டேன். அந்தப் பொண்ணு எங்களைத் திட்டிக்கிட்டே பஸ் ஏறிப் போனா.

திங்கட்கிழமை பழைய வண்டி உடைக்கிற இடத்துல அறுநூறுக்குத் தள்ளிட்டு வந்தார். அதுலேர்ந்து தினமும் காலைல சட்டை போட்டு ஷூ மாட்டிக்கிட்டு நாற்காலில உக்கார்றார், சாயங்காலம் கழட்டி வெக்கிறார். அவர் செஞ்சது சரின்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த நாலாயிரம் என் கண்ணை விட்டுப் போகல, அம்மாவைத் தப்பா நினைக்காத.

இரும்புச்சத்து மாத்திரையை விடாத, வெயில்ல அலையாத. சுகப்பிரசவமா தாயும் பிள்ளையும் நல்லா இருக்கணும், உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது. ஞாயித்துக்கிழமை அப்பாவுக்குப் போன் பண்ணு. நீங்க வரலன்னா பரவாயில்லப்பான்னு மட்டும் சொல்லிடாத, அதை அவரால தாங்க முடியாது. வராம போயிட்டீங்களேன்னு நாலு வார்த்தை திட்டு. அப்பவாவது அழுதுடுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா டெலித்