ஏழுக்கு நடுவில் கோடு

2009 ஜனவரி 12, திங்கள்

இன்று எனக்குப் பதவி உயர்வு. விளையாட்டு ஆசிரியர் கட்டாருக்குப் பறந்துவிட்டார். பாடசாலைக் கிரிக்கெட் கழகத்தை அதிபர் என் தலையில் இறக்கிவிட்டார். "மக்கீன் சேர், நீங்க கணக்கு வாத்தியார். ஓட்டம் எண்ணத் தெரியும்தானே?" என்றார். இதே நியாயத்தில் விஞ்ஞான ரீச்சரை வைத்து ஓர் ஆஸ்பத்திரி திறக்கலாம்.

பதின்மூன்று, பதினைந்து, பதினேழு, பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் என்று நான்கு அணிகள். நான்குக்கும் சேர்த்து ஒரு சாக்குப் பை. அதற்குள் இரண்டு மட்டை, காலில் கட்டும் காப்பு மூன்று. துடுப்பெடுத்தாடுகிறவர் இரண்டு பேர், கால்கள் நான்கு. நாலாவது காலை அல்லாஹ்தான் காக்க வேண்டும்.

ஜனவரி 21

அணிகளைப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

பதின்மூன்றில் முப்பத்தொரு பேர், அத்தனை பேரும் முதலாவதாக இறங்குவார்களாம். பத்தொன்பதின் தலைவருக்கு என்னைவிட அடர்த்தியான தாடி. பரீட்சை என்று சொல்லிப் பயிற்சிக்கு வருவதில்லை, பயிற்சி என்று சொல்லி வகுப்புக்கு வருவதில்லை. பதினேழில் ஏழே பேர். நெருக்கி உட்கார்ந்தால் ஒரு ஆட்டோவில் அனுப்பிவிடலாம்.

பதினைந்து மட்டும் அணி மாதிரி இருக்கிறது. காரணம் ஸாஜித். பாலமுனைப் பிள்ளை, கடல் வீட்டைக் கொண்டுபோன பிறகு இங்கே சுனாமி வீட்டுத்திட்டத்தில் இருக்கிறார்கள். வாப்பா மீராசா கடற்றொழில். பையன் பன்னிரண்டு பந்து போட்டான், ஏழு தடவை குச்சி பறந்தது. எண்ணினேன். அதற்குத்தானே என்னைப் போட்டார்கள்.

பெப்ரவரி 7

பதின்மூன்று வயது அணி: சகல விக்கெட்டும் இழந்து பத்தொன்பது ஓட்டம். அதில் பதினொன்று எதிரணி இனாமாகத் தந்தது.

போகும் வழியில் சோதனைச் சாவடியில் பையை அவிழ்க்கச் சொன்னார்கள். இடுப்புக்குக் கீழே வைக்கும் காப்பை ஒருவர் தூக்கிப் பிடித்து இது என்ன என்று கேட்டார். எனக்கு அதற்குச் சிங்களம் தெரியாது. செய்து காட்டவும் முடியாது. பஸ்ஸுக்குள் பிள்ளைகள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். விளையாட்டில் காட்டாத ஒற்றுமை.

பெப்ரவரி 11

எங்கள் பக்கம் ஒரு வழக்கம்: ஆட்டத்துக்கு முன் இரண்டு பொறுப்பாசிரியர்களும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை மாற்றிப் பார்த்துக்கொள்வோம்; ஜனவரி முதலாம் திகதியில் என்ன வயது என்பதே கணக்கு. எல்லா ஊரிலும் பதினைந்து வயதுக்குள் மீசை முளைத்த பிள்ளைகள் உண்டு.

அடுத்த ஆட்டம் காரைதீவுப் பக்கத்து அணியோடு. அவர்களின் பொறுப்பு அழகரெத்தினம். கலாசாலையில் என்னோடு படித்தவன், ஈவிரக்கம் இல்லாமல் பார்ப்பான். அதனால் நானே முந்திப் பார்த்தேன். ஸாஜித்தின் சான்றிதழில் 1992.07.27. பதினாறு வயது! இவனுக்கு இந்த அணியில் இடமே இல்லை.

"அது நானாட திகதி சேர்," என்று அண்ணனைச் சொன்னான். "நான் தொண்ணூத்தி நாலு, மார்ச் பதினேழு. நானா சுனாமியில மௌத்தாகிட்டார்."

எந்த மடையன் இப்படி எழுதினான் என்று சத்தம் போட்டேன். சுனாமியில் பதிவேடும் பள்ளிக்கூடப் புத்தகமும் கடலோடு போனபடியால், அகதி முகாமில் நிரப்பிய படிவத்தை நம்பித்தான் புதிதாகப் பதிந்தார்கள். அந்தப் படிவத்தின் பிரதி பையனின் கோப்பில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு.

இந்த ஊரில் ஏழுக்குக் கோடு போடுகிறவன் நான் ஒருவன்தான். மடையனைக் கண்டுபிடித்தாயிற்று.

முகாமில் கையெழுத்து நல்லது என்று என்னைத்தான் மேசையில் இருத்தினார்கள். மீராசாவுக்கு இரண்டு படிவம் எழுதினேன்: மூத்தவனுக்கு மரணம், இளையவனுக்குப் பிறப்பு. திகதி இரண்டையும் மாற்றி எழுதியிருக்கிறேன். அதற்கு முன் அன்று காலை நான் எழுதிய முதல் மரணப் படிவம் என் மகள் ஹப்ஸாவுடையது.

பெப்ரவரி 12

ஏழாம் வகுப்புக்குப் பின்னம் படிப்பித்தேன். பிழை ஒன்றும் விடவில்லை.

பெப்ரவரி 16

பிரதி அதிபர் யோசனை சொன்னார். "போட்டோக்கொப்பி எடுக்கக்குள்ள ஒரு சின்ன வேலை பாத்தா முடிஞ்சி சேர். யாரு பூதக்கண்ணாடியோட வரப்போறான்?" ஒழுக்காற்றுக் குழுவின் தலைவர் இவர்தான். ஒரு தடவை மாற்றியது போதும் என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

பெப்ரவரி 22

கடற்கரையில் மீராசாவைக் கண்டேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுனாமிக்குப் பிறகு கிடைத்த படகு. தந்த வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாலு அடிக்கு. கொஞ்சம் விட்டிருந்தால் கடலிலும் எழுதியிருப்பார்கள்.

திகதி பிழை, நீங்கள் வந்து சத்தியக் கடதாசி கொடுத்தால் திருத்தலாம் என்றேன். யார் விட்ட பிழை என்று சொல்லவில்லை. எத்தனை பெரிய வீரன் நான்!

"தெரியும் சேர்," என்றார். "கிடக்கட்டும். மூத்தவன்ட திகதி ஒரு கடதாசியிலயாவது உசிரோட, ஹயாத்தோட இரிக்கட்டும்."

"ஸாஜித் விளையாட ஏலாமப் போகுமே?"

"பந்து எறியிறதுக்காக என்ட புள்ளய ரெண்டாந்தரமும் மௌத்தாக்கச் சொல்றீங்களா?"

எழுந்து வந்துவிட்டேன். வேறென்ன செய்வது?

மார்ச் 7, சனி

காரைதீவுக்காரர் 118. நாங்கள் 43. ஸாஜித் தண்ணீர்ப் போத்தல் தூக்கினான். மிக நன்றாகத் தூக்கினான், ஒரு துளி சிந்தவில்லை.

ஆட்டம் முடிய மீராசா மைதானத்து வேலியருகே நின்றார். மகனைப் பார்க்க வந்திருக்கிறார்.

"இவன் ஏன் சேர் தண்ணி காவுறான்?"

"தொண்ணூத்திரண்டில பிறந்தவன் எண்டபடியால்."

வாய் வந்த வேகத்துக்குச் சொல்லிவிட்டேன். அந்த மனிதரின் முகம் போன போக்கு! என்னிலேயே எனக்கு வெறுப்பு வந்தது. அதற்குப் பிறகு என்ன இருக்கிறது மறைக்க? நான்தான் மாத்தி எழுதினேன், முதல் படிவம் என்ட மகளுக்கு, கண்ணும் தெரியல்ல கையும் தெரியல்ல — எல்லாத்தையும் கொட்டினேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. "அண்டைக்கே கண்டன் சேர். பக்கத்திலதானே நிண்ட. உங்கட மகள்ட படிவமும் அந்த மேசையிலதான் கிடந்த, பிழை எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல. பொறகு சொல்லுவம் எண்டு இருந்த. பொறகு அந்தத் திகதிய உட மனசு வரல்ல."

நான்கு வருடம். எனக்கு மனம் நோகும் என்று பொறுத்திருக்கிறார். நான் அவரைப் படிக்காத மனிதர், கடதாசியைப் பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்தேன்.

மகன் வெறும் போத்தல்களைப் பொறுக்குவதைப் பார்த்தார். "சரி. எந்தக் கந்தோருக்கு வரணும்?" என்றார். "ஆனா, அந்தத் திகதிய எங்கயாவது வைக்கணும் சேர். சும்மா உட ஏலா."

ஏப்ரல் 29

பதிவாளர் கந்தோருக்கு ஐந்தாவது தடவை. இரண்டு திகதிகளை இடம் மாற்ற எனக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. திருப்பி வைக்க ஏழு கையொப்பம். நான் விட்ட பிழை என்று நானும் ஒரு சத்தியக் கடதாசி கொடுத்தேன். மனைவி முனவ்வறாவிடம் காட்டினேன். வாசித்தாள், ஹப்ஸாவின் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணீர் ஆறிப்போயிற்று.

மே 14

வந்துவிட்டது. 1994.03.17. பழைய சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மீராசா புதியதைப் பஸ்ஸில் மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

மே 19

யுத்தம் முடிந்துவிட்டதாம். கல்முனையில் வெடி கொளுத்தினார்கள். சனிக்கிழமை காரைதீவுக்காரரோடு வைத்திருந்த மறு ஆட்டம் ஒத்திவைப்பு. அழகரெத்தினத்துக்கு போன் எடுத்தேன். அவன் மனைவியின் ஆட்கள் முல்லைத்தீவுப் பக்கம். "ஏதும் தகவல்...?" என்றேன். "ஒண்டுமில்ல மக்கீன். ஆட்டத்த எப்ப வைப்பம் எண்டு சொல்லு," என்றான். சொன்னேன்.

ஜூன் 6, சனி

அழகரெத்தினம் சான்றிதழைப் பார்த்தான். என்னையும் பார்த்தான். "கணக்கு வாத்தியாருக்குக் கணக்குப் பிழைச்சதோ?" என்றான். ஓம் என்றேன். மெலிந்துவிட்டான். அவர்களுக்கு இன்னும் தகவல் இல்லை.

அவர்கள் 64. ஸாஜித் ஐந்து விக்கெட். நாங்கள் ஒன்பது விக்கெட் இழந்து 65; கடைசி ஓட்டம் ஒருவனின் முழங்காலில் பட்டுப் போனது. நான்கு அணிகள், பதினான்கு ஆட்டங்கள், ஒரு வெற்றி. அதிபர் காலைக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறாராம். போர்த்தட்டும். கால்காப்பு தைக்கத் துணி வேண்டும்.

ஜூன் 14, ஞாயிறு

மீராசா வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். போனேன். படகின் இரு பக்கமும் இருந்த நிறுவனத்தின் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டார். நீலப் பெயின்ற் ஒரு டின், தூரிகை ஒன்று. "உங்கட கையெழுத்துத்தானே அழகு," என்றார்.

எழுதுமுன் மூன்று தரம் கேட்டேன். எழுதிவிட்டும் கேட்டேன். 1992.07.27. ஏழு இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டேன்.

"சரிதான் சேர்," என்றார். தூரிகையைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை.

"உங்கட மகள்ட திகதி என்ன?"

சொன்னேன்.

"அதயும் எழுதுங்க. படகுக்கு மத்தப் பக்கமும் இரிக்கிதானே."